கடைசிப் பாட்டு

சங்கீதக் கோஷ்டி ஒன்றில் இருந்து பேர் பெற்ற பாடகர் ஒருவர், அதனை விட்டு நீங்கித் தனியே பாடத் தொடங்கினால், கேட்க வருகிறவர்கள் முதலில் தேடுவது அவரையன்று. அவர் விட்டுவந்த கூட்டத்தையே தேடுகின்றனர். பழைய தாளம் எங்கே, பழைய வேஷம் எங்கே என்று முணுமுணுக்கின்றனர். ராக் எனப்படும் மேனாட்டுச் சங்கீதத்தில் இவ்வாறு தனிவழி சென்றவர் பலர். அவருள் பெரும்பாலோர் பழைய சரக்கையே புதுப் பெட்டியில் அடைத்து விற்றனர் என்று சொன்னால் அது மிகையாகாது. பீட்டர் கேப்ரியல் என்னும் ஆங்கிலேயப் பாடகர் 1980-ஆம் வருஷம் மே மாதத்தில் வெளியிட்ட இசைத்தட்டு அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதில் பத்துப் பாட்டுகள். ஒன்பது பாட்டுகள் முடிந்தபின் வரும் பத்தாவது பாட்டு, தென்னாப்பிரிக்கப் போலீசாரின் காவலில் மாண்ட கறுப்பு இளைஞர் ஒருவரின் பெயரை மட்டுமே தலைப்பாகக் கொண்டது. அந்தப் பாட்டினால் விளைந்தது யாது, விளையாதது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பாடகரைப் பற்றிச் சில சொற்கள். கேப்ரியல் 1950-ஆம் வருஷம் பிப்ரவரி 13-ந் தேதி இங்கிலாந்தில் சர்ரே ஜில்லாவில் பிறந்தவர். சார்ட்டர்ஹவுஸ் என்னும் பெரிய இடத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அங்கே உடன் படித்தவர்களோடு சேர்ந்து 1967-ல் அவர் தொடங்கிய கோஷ்டிக்கு ஜெனிசிஸ் என்று பெயர். கூச்சம் மிகுந்த அந்த வாலிபர் மேடையில் ஏறினால் வேறு ஆளாகிவிடுவார். 1972-ல் டப்ளின் நகரத்தில், எவரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல், மனைவியின் சிவப்பு அங்கியை உடுத்து நரித்தலையை மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். கூட்டம் திகைத்தது, பத்திரிகைகள் எழுதின. அதன்பின் பூ வேஷம், கிழவர் வேஷம், உடலெங்கும் கொப்புளம் எழுந்த விகார வேஷம் என்று ஒவ்வொன்றாக வந்தன. நம் தெருக்கூத்தில் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிய ராஜபார்ட்காரர் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும்போது ஜனங்கள் எவ்வாறு ஆரவாரிப்பார்களோ, அவ்வாறே அங்கும் ஆரவாரித்தனர். பாட்டைக் கேட்க வந்தவரினும் வேஷத்தைக் காண வந்தவர் மிகுந்தனர் போலும். 1975-ல் அவர் கோஷ்டியை விட்டு விலகினார். அவர் நின்ற இடத்தில் நின்று பாட, அதுவரை பின்னே அமர்ந்து முரசு கொட்டிக்கொண்டிருந்த பில் காலின்ஸ் முன்வந்தார்.

விலகியவர் 1977-ல் ஒரு தட்டும் 1978-ல் ஒரு தட்டும் வெளியிட்டார். இரண்டுக்கும் பெயர் ‘பீட்டர் கேப்ரியல்’ என்பதே. நாம் எடுத்துக்கொண்டிருக்கும் மூன்றாவதற்கும் அதே பெயர். 1982-ல் வந்த நான்காவதற்கும், அமெரிக்கக் கம்பெனி அதன்மேல் ஒரு சீட்டை ஒட்டிப் பெயர் சூட்டியதைத் தவிர்த்தால், அதே பெயர். ஒரு பத்திரிகை இதழ்தோறும் தலைப்பை மாற்றிக்கொள்வதில்லை. உள்ளே இருப்பதுதான் மாறுகிறது. அதுபோலவே தம் தட்டுகளும் என்பது அவர் கருத்து. வாரந்தோறும் ஒரே பெயரோடு வாசகரைக் காணவரும் நம் போன்றோருக்கு இந்த வாதம் எளிதில் விளங்கும். ஆயினும் நான்கு தட்டுக்கு ஒரே பெயர் என்றால் கடைக்காரன் என் செய்வான்? அட்டையின் படத்தைக் கொண்டே ஜனங்கள் அடையாளம் சொல்லலாயினர். மூன்றாவது தட்டின் அட்டையில் கேப்ரியலின் முகம் ஒருபுறம் மெழுகாக உருகி வழிகிறது. உடனே படம் துப்பும் போலராய்டு காமிராவினால் எடுத்து, அது உலருமுன் மேற்பூச்சை அழுத்தித் தேய்த்து அவ்வாறு செய்தனர். ஆகவே ‘மெல்ட்’, அதாவது உருகல், என்பது அத்தட்டின் வழக்குப் பெயராயிற்று. வேஷங்களைக் களைந்துவிட்ட மனிதரின் முகமே இப்போது கலைகிறது.

அத்தட்டை உருவாக்கியவர் ஸ்டீவ் லில்லிவைட் என்னும் இளைஞர். ஒலிப்பதிவு செய்தவர் ஹியூ பாட்ஹாம். கேப்ரியல் முரசுக்காரர்களுக்கு ஒரு கட்டளை இட்டார்: வெண்கலத் தாளத்தட்டைத் தொடலாகாது. ராக் சங்கீதத்தில் வாத்தியங்களுக்கு இடையிலுள்ள வெளியையெல்லாம் நிரப்புவது அந்தத் தாளத்தட்டின் கலகலப்பே. அது நீங்கினால் வெறுமை தோன்றும். அந்த வெறுமையே அவருக்கு வேண்டியிருந்தது. முதற்பாட்டுக்கு முரசு கொட்ட வந்தவர் வேறு யாருமல்லர், பில் காலின்ஸே. விட்டுச் சென்றவரும் அவர் இடத்துக்கு வந்தவரும் ஒரே அறையில் பகையின்றி வேலை செய்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. காலின்ஸ் கொட்டிய ஒலி, வாத்தியக்காரர் அறையில் பேசுவது வெளியே கேட்பதற்காகத் தொங்கவிட்டிருந்த ஒலிவாங்கி வழியாகத் தற்செயலாகப் புகுந்து, மிகவும் நெருக்கப்பட்டு, பெருத்து, திடீரென்று வெட்டுண்டு நின்றது. கேட்ட யாவரும் வியந்தனர். இடி முழங்கி எதிரொலிக்குமுன் யாரோ கதவை அடைத்துவிட்டாற் போன்ற ஒலி அது. பின்னர் காலின்ஸ் 1981-ல் தம் தனிப்பாட்டில் அதனைக் கையாண்டார். அடுத்த பத்து வருஷத்துக்கு மேனாட்டுச் சங்கீதத்தில் அவ்வொலி கேளாத இடமில்லை என்றாயிற்று.

நிற்க. பாட்டுகளின் பொருளைப் பார்ப்போம். முதற்பாட்டு இருட்டில் பிறர் வீட்டினுள் நுழைந்து மகிழ்கின்றவன் பேசுவது. அடுத்தது தன்னை அடக்க மாட்டாதவன் பேசுவது. பின்னொன்று நினைவிழந்தவன் பேசுவது. மற்றொன்று ஒரு பெரிய மனிதரைச் சுடக் காத்திருக்கும் கொலைகாரன் பேசுவது. 1972-ல் அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸைச் சுட்டவன் எழுதி வைத்திருந்த நாட்குறிப்பைப் படித்ததன் பயனாக அப்பாட்டு எழுந்தது. பகையினால் அன்று, பேர் பெறவேண்டும் என்ற பசியினால் சுட்டவன் அவன். இவையெல்லாம் நோயுற்ற மனத்தின் உள்ளிருந்து பேசும் குரல்கள். போகப் போக நோய் தனி மனிதனை விட்டு ஊரைப் பற்றுகிறது. தேசங்கள் சிறுபிள்ளைகளைப் போல விளையாடிக் கொடி நடுவதைக் கேலி செய்யும் பாட்டொன்று உண்டு. அதுவே பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் 4-வது இடம் வரை ஏறியது. எட்டாவது பாட்டுக்கு ‘நாட் ஒன் ஆஃப் அஸ்’ என்று தலைப்பு. நம்மவன் அல்லாதவனை ஒதுக்கும் கூட்டத்தின் இறுமாப்பு அதன் பொருள். ஒன்பதாவது பாட்டு மனநோயாளர் விடுதியில் அடைபட்டவனின் நிலை. இவற்றுக்குப் பிறகே ‘பீக்கோ’ வருகிறது. முதல் ஒன்பதில் பாடகர் பிறர் தோலை அணிந்துகொண்டு பேசுகிறார். பத்தாவதில் மட்டும் தம் குரலில், இறந்தவரின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். இந்த வரிசையை நோக்காமல் அப்பாட்டைத் தனியே எடுத்துப் பேசுவோர் அதன் பாதிப் பொருளை இழக்கின்றனர் என்பது என் எண்ணம்.

ஸ்டீவ் பீக்கோ யார்? 1946-ஆம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பிரதேசத்தில் பிறந்தவர். டர்பன் நகரில் வெள்ளையரல்லாதார்க்கென ஒதுக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியில் பயின்றார். மாணவர் சங்கங்களில் வெள்ளையர் தலைமை தாங்க, கறுப்பர் பின்னே நின்று கைதட்டும் வழக்கம் அவருக்குப் பொறுக்கவில்லை. அவ்வெள்ளையர் நல்லெண்ணம் உடையவராயினும் பொறுக்கவில்லை. 1968-69-ல் கறுப்பு மாணவர்க்கெனத் தனிச் சங்கம் கண்டார். கறுப்பர் விழிப்பு இயக்கம் எனப் பின்னர் பேர் பெற்றது இதிலிருந்து வளர்ந்தது. தன்னைத் தானே தாழ்ந்தவன் என்று நம்பிக்கொண்டிருப்பவனைச் சட்டத்தால் மட்டும் விடுவிக்க இயலாது. முதலில் அவன் நெஞ்சு நிமிரவேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

தமிழர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. அவ்வியக்கத்தார் கறுப்பர் என்று சொன்னது ஆப்பிரிக்கரை மட்டுமன்று. சட்டத்தாலும் வழக்கத்தாலும் தாழ்த்தப்பட்ட யாவரும் கறுப்பரே; இந்தியரும் கலப்பினத்தாரும் அதில் அடங்குவர் என்று வரையறுத்தனர். டர்பன் இருக்கும் நேட்டால் பிரதேசத்துக்குச் சென்னையிலிருந்து முதற்கப்பல் ‘ட்ரூரோ’ 342 பேரைச் சுமந்துகொண்டு 1860-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி போய்ச் சேர்ந்தது. நம் முன்னோர் மலாய் நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தது போலவே அவர்களும் கரும்புத் தோட்டத்துக்குச் சென்றனர். அவர்கள் வழிவந்த இளைஞர்களில் ஸ்ட்ரினி மூட்லி, சதாசிவன் கூப்பர் ஆகிய இருவரும் பீக்கோவின் நெருங்கிய தோழர்கள். மூட்லி என்பது முதலி என்னும் நம் சொல் நேட்டாலில் அடைந்த உருவம். 1974 செப்டம்பரில் மொசாம்பிக் விடுதலையைக் கொண்டாடக் கூட்டம் கூட்டியதன் தொடர்பாக இவ்விருவர் உட்பட ஒன்பது பேர்மீது வழக்கு நடந்தது. 1976 மே மாதத்தில் பீக்கோ சாட்சிக் கூண்டில் ஏறி அவர்களுக்காகப் பல நாள் பேசினார். டிசம்பரில் ஒன்பது பேரும் தண்டனை பெற்று ராபன் தீவுச் சிறைக்குச் சென்றனர். கூலி என்று ஏசப்பட்டோரின் பேரப்பிள்ளைகள், தம்மை அவ்வாறு ஏசியவர் வகுத்த படிக்கட்டில் ஆப்பிரிக்கர்க்கு ஒரு படி மேலே நிற்கச் சம்மதியாமல், இறங்கிவந்து பக்கத்தில் நின்றனர். மேலே நிற்பதில் அற்ப சுகம் கண்ட நம்மவர் எல்லாத் தேசங்களிலும் உண்டு என்பதால் இதனைச் சற்று விரித்துச் சொன்னேன்.

பீக்கோவின்மீது 1973-ல் தடையுத்தரவு பிறந்தது. ஊரெல்லையைத் தாண்டலாகாது, ஒரு சமயத்தில் ஒருவருக்குமேல் பேசலாகாது, அவர் சொல்லை எந்தப் பத்திரிகையும் அச்சிடலாகாது. 1977 ஆகஸ்டு 18-ந் தேதி, தடையை மீறிப் பிரயாணம் செய்து திரும்பும் வழியில், போலீசார் மறித்துப் பிடித்தனர். போர்ட் எலிசபெத் நகரில் ஆடையின்றி விலங்கிட்டு வைத்திருந்தனர். செப்டம்பர் 6-ந் தேதி வாக்கில் 619 என்னும் எண்ணுள்ள அறையில் நடந்த விசாரணையில் தலையில் பலமான அடி. மருத்துவர் பார்த்தும் மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சை செய்யவில்லை. 11-ந் தேதி, ஜீப் போன்ற வண்டியின் பின்புறத்தில் நிர்வாணமாகக் கிடத்தி, சுமார் 700 மைல் தொலைவிலுள்ள பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோயினர். 12-ந் தேதி சிறையறைத் தரையில் உயிர் பிரிந்தது. வயது 30. உண்ணாவிரதம் இருந்தார், செத்தார் என்றார் போலீஸ் மந்திரி. அது பொய் என்பதைப் பத்திரிகைகள் வெளியிட்டன. ஆயினும் மரண விசாரணை செய்த மாஜிஸ்திரேட், எவர்மீதும் குற்றம் காண இயலவில்லை என்று டிசம்பரில் தீர்ப்புரைத்தார். செப்டம்பர் 25-ந் தேதி நடந்த அடக்கத்துக்கு வெளியூரிலிருந்து வந்த வண்டிகளைப் போலீசார் வழியில் தடுத்தும் சுமார் 20,000 பேர் கூடினர்.

இச்செய்தியைத் தூரதேசத்திலிருந்து பின்பற்றிவந்த கேப்ரியல், பீக்கோவைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தபின் பாட்டை அமைத்தார். தட்டில் அது எவ்வாறு அமைந்திருக்கிறது என்று கேளுங்கள். முதலில் கேட்பது அவர் குரலன்று. அடக்கத்தின்போது ஜனங்கள் பாடிய துக்கப்பாட்டு, தேய்ந்த ஒலியில், தொலைவிலிருந்து வருகிறது. பிறகு ஒரே முரசு. மெதுவாக, மாறாமல், பிணத்தின் பின்னே நடப்போரின் அடிபோல. ஸ்காட்லாந்து தேசத்துத் துருத்திக் குழலைப் போன்ற ஓசை இயந்திரத்திலிருந்து எழுகிறது. பாட்டின் முதற்பகுதி மாதம், வருஷம், ஊர், வானிலை என்று போலீஸ் குறிப்பேட்டைப் போல ஈரமின்றித் தொடங்குகிறது. அறையின் எண்ணையும் சொல்கிறது. அழுகை இல்லை, அடைமொழி இல்லை. பின்பு பெயர், பெயர், திரும்பத் திரும்பப் பெயர் மட்டுமே. யாருடைய சொல்லை அச்சிடுவது குற்றமாயிருந்ததோ அவருடைய பெயர். முடிவில் பாடகர் ஒதுங்கிக்கொள்கிறார். மீண்டும் அடக்கத்துப் பாட்டு எழுந்து, முரசின் ஈரடியில் அறுந்து நிற்கிறது. ஏழு நிமிஷத்துக்கு மேலான அப்பாட்டில் முதலும் முடிவும் தென்னாப்பிரிக்க ஜனங்களுடையவை. ஆங்கிலேயர் இடையில் வந்து போகிறவரே.

அமெரிக்காவில் அவர் தட்டுகளை வெளியிட்டுவந்த அட்லாண்டிக் கம்பெனி இத்தட்டு விலைபோகாது என்று மறுத்துவிட்டது. மெர்க்குரி என்னும் வேறு கம்பெனி வெளியிட்டது. பிரிட்டனிலோ தட்டு விற்பனையில் முதலிடம் பெற்றது. ‘பீக்கோ’ தனித்தட்டாக வந்தபோது 38-வது இடத்துக்குமேல் ஏறவில்லை. அதன் வருவாயைக் கறுப்பர் விழிப்பு இயக்கத்துக்குக் கொடுத்தார். தென்னாப்பிரிக்க சர்க்கார் அப்பாட்டைத் தடை செய்தது.

குறை கூறியோரும் இருந்தனர். செல்வர் பள்ளியில் படித்த வெள்ளையர் ஒருவர், தாம் காணாத நாட்டின் துயரத்தைப் பாடிப் பேர் பெறுவதா என்று கேட்பது எளிது. அக்கேள்வியைத் தள்ளிவிடுதல் முறையன்று. நல்லெண்ணமுள்ள வெள்ளையர் கறுப்பருக்காகப் பேசுவதைக் கண்டித்தே பீக்கோ தம் பொதுவாழ்வைத் தொடங்கினார் அன்றோ? ஆனால் ஒருவருக்காகப் பேசுவது வேறு, ஒருவரைப் பற்றிச் சாட்சி சொல்வது வேறு. கேப்ரியல் பீக்கோவின் வாயில் தம் சொல்லை வைக்கவில்லை. ஒன்பது பாட்டுகளில் பிறர் வாயாகப் பேசத் தயங்காத அந்த வேஷக்காரர், பத்தாவதில் அதற்குத் துணியவில்லை. பாடகரின் இந்த அடக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பாட்டில் பலவீனமான இடமே இல்லையா என்றால், உண்டு. துருத்திக் குழலோசை சற்று மிகை; ஸ்காட்லாந்துப் படை ஊர்வலத்தை நினைப்பூட்டி, கேட்பவர் மனத்தைக் கிழக்குக் கேப்பிலிருந்து வேறெங்கோ கொண்டுபோய்விடுகிறது.

அதன் பலன் என்ன என்பதற்கு வருவோம். பீக்கோவின் பெயரை அறியாத லட்சக்கணக்கான வாலிபர் அதனை அறிந்தனர். அமெரிக்கக் கிட்டார்க்காரர் ஸ்டீவன் வான் ஸாண்ட் இப்பாட்டைக் கேட்டே தென்னாப்பிரிக்க விஷயத்தில் கவனம் செலுத்தலானார். அங்கே நேரில் போய்ப் பார்த்துத் திரும்பி, 1985-ல் பல பாடகரைத் திரட்டி, வெள்ளையர் சூதாட்ட விடுதியான சன் சிட்டியில் பாட மாட்டோம் என்னும் தட்டை வெளியிட்டார். 1988 ஜூன் 11-ந் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில், அப்போது சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் 70-வது பிறந்தநாளை முன்னிட்டு நடந்த பெருங்கச்சேரியில் கேப்ரியல் ‘பீக்கோ’வைப் பாடினார், அது பல தேசங்களுக்கு ஒளிபரப்பாயிற்று. இவ்வளவும் உண்மையே. ஆனால் நிறவெறி ஆட்சி பாட்டினால் விழுந்தது என்பவர் சரித்திரம் அறியாதவர். 1976-ல் சொவெட்டோவில் தெருவுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளும், சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரும், பயன்படுத்த மறுத்த கடையும் செலுத்த மறுத்த வாடகையும், வெளிநாட்டு வங்கிகள் கடனை நிறுத்தியதும் சேர்ந்தே 1994-ஆம் வருஷத்துத் தேர்தலைக் கொண்டுவந்தன. பாட்டு செய்தது, ஒரு பெயர் மறக்கப்படாமல் பார்த்துக்கொண்டது.

அதுவும் சிறிய காரியமன்று. 1997-ல் தென்னாப்பிரிக்க உண்மை, இணக்கக் கமிஷன்முன் பழைய போலீஸ்காரர் சிலர் மன்னிப்புக் கோரினர். பீக்கோ சுவரில் மோதிக்கொண்டார், கைகலப்பில் நேர்ந்தது என்று பேசினர். முழு உண்மை சொல்லப்படவில்லை என்பதனால் 1999-ல் மன்னிப்பு மறுக்கப்பட்டது. ஆயினும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், அவர் இறந்து 48 வருஷங்கள் நிறைந்தபோது, அந்த மரண விசாரணை மறுபடி திறக்கப்பட்டது.

கேப்ரியல் தம் கச்சேரிகளைப் பல வருஷங்களாக இப்பாட்டுடனேயே முடித்துவந்தார். பாட்டின் கடைசியில் ஜனங்கள் பாடத் தொடங்குவர். அவர் கையை உயர்த்தி, மற்றவை இனி உங்கள் பொறுப்பு என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குவார். வாத்தியக்காரர் ஒருவர்பின் ஒருவராகப் போவர். முரசுக்காரர் மட்டும் இருந்து கொட்டிக்கொண்டிருப்பார். பிறகு அவரும் எழுந்து போய்விடுவார். விளக்கு எரிந்த வெறும் மேடையைப் பார்த்தவாறு ஜனங்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள்.